கேன்டீனுக்கு வந்த ஜெர்மன் ரத்தக் காட்டேரி

முகாம் அமைப்பாளர்களாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்குப் பயிற்சியில் நிறையச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ரத்தப் பையை எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும், படிவத்தை எப்படி நிரப்ப வேண்டும், மயக்கம் வந்தவரின் காலை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்றெல்லாம். எனக்கு அதெல்லாம் மறந்துகொண்டு வருகிறது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு தொழிற்சாலையின் பெரிய அதிகாரி வாயில் இரண்டு கோரைப்பல் கட்டிக்கொண்டு, கையில் முழ நீளத்துக்கு நகம் மாட்டிக்கொண்டு ரத்ததான முகாமுக்கு வந்தால் என்ன செய்வது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தர மாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

திருவள்ளூரில் ஒரு அறக்கட்டளை நடத்தும் ரத்த வங்கியில் இருபத்தாறு வருடம் இருந்தேன். ரத்தம் கேட்பதுதான் என் வேலை. கல்லூரி, சர்ச், கோயில் திருவிழா, கட்சி அலுவலகம் என்று ஓர் இடம் விடாமல் போய்க் கேட்டிருக்கிறேன். ஒரு முறை பொதட்டூர்பேட்டையில் ஒரு மாப்பிள்ளையிடம் அவர் கல்யாணத்தன்றே மண்டபத்தில் கேட்டுவிட்டு, அவருடைய மாமியாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். வெட்கப்பட்டால் இந்த வேலையில் ஒரு பைகூடத் தேறாது.

நான் சொல்லப்போவது ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு, ஒரு மே மாதத்தில் நடந்தது. மே மாதம் நமக்கு எப்படி இருக்கும் என்பது உங்களுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். கல்லூரிகள் மூடியிருக்கும். இளவட்டங்கள் ஊருக்குப் போயிருக்கும். அடிக்கிற வெயிலில் யாருக்கும் கையை நீட்டத் தோன்றாது. ஆபரேஷன்களும் பிரசவங்களும் மட்டும் விடுமுறை எடுப்பதில்லை. அந்த வாரத் தொடக்கத்தில் எங்கள் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தால், கீழ்த்தட்டில் மூன்றே மூன்று பை, மூன்றும் வேறு வகை. மேல்தட்டில் எங்கள் லேப் டெக்னீசியன் மேரி வைத்திருந்த மோர் பாட்டில். மோரை அங்கே வைக்கக் கூடாது என்று மேரியிடம் அரை மணி நேரம் சண்டை போட்டேன். உண்மையில் எனக்கு மோர் மேல் கோபமில்லை, காலியாகக் கிடந்த தட்டுகள் மேல்தான் கோபம்.

அந்தக் கோபத்துக்கு ஒரு காரணம் இருந்தது. ஊத்துக்கோட்டையில் ஷேர் ஆட்டோ ஓட்டும் பாபு என்பவர் எனக்குத் தினமும் ஃபோன் செய்துகொண்டிருந்தார். அவர் மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மாதக்கணக்காக ரத்தம் போய்க்கொண்டே இருந்ததால், அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். ஆபரேஷனுக்கு நாலு பை பி பாசிட்டிவ் கையில் இல்லாமல் தொட மாட்டோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பாபு கொடுத்த ஒரு பையும் அவர் மச்சான் கொடுத்த ஒரு பையும் அவளை எழுந்து உட்கார வைக்கவே செலவாகிவிட்டன. ரத்தம் கிடைக்காமல் தேதி இரண்டு முறை தள்ளிப் போயிருந்தது.

"மேடம், சனிக்கெழம டேட்டு குட்த்துகிறாங்க. இந்த வாட்டியும் ரத்தம் இல்லன்னா அவ தாங்க மாட்டா மேடம். பொண்ணு வெளாடக்கூடப் போவ மாட்டேங்குது. அவ அம்மா பக்கத்துலயே குந்திக்கினு கீது."

"பாக்கலாம் பாபு" என்றேன்.

'பாக்கலாம்' என்பது நம் தொழிலில் 'இல்லை' என்பதன் மரியாதையான வடிவம். அது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஃபோனை வைத்த பிறகு எனக்கே என்மேல் எரிச்சலாக வந்தது.

சனிக்கிழமைக்கு முன்னால் எனக்கு இருந்தது ஒரே ஒரு முகாம். வியாழக்கிழமை, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கான ரப்பர் வளையம் செய்யும் ஒரு ஜெர்மன் கம்பெனியில். பெயர் வேண்டாம். அறுநூறு பேர் வேலை செய்யும் இடம் என்றதும் ஆசைப்பட்டுவிடாதீர்கள். முந்தைய வருடம் அதே கம்பெனியில் ஆறு கட்டில் போட்டுவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தோம். ஏழு பேர் வந்தார்கள், அதிலும் நாலு பேர் நிர்வாக அலுவலகத்து ஆட்கள். "வேர்வைய எட்த்தது பத்தாதுன்னு ரத்தத்தையும் எட்த்துக்கினு ஜெர்மனிக்கு அனுப்புறானுங்கோ" என்று தொழிலாளர்களிடையே ஒரு பேச்சு பரவியிருந்தது. பெட்டி பெட்டியாகத் துறைமுகத்துக்குப் போவதைக் கண்ணால் பார்த்ததாக ஒருவர் சத்தியமே செய்தார். பெட்டிகள் போனது உண்மைதான். உள்ளே இருந்தது ரப்பர் வளையம்.

இந்த நிலைமையில்தான் அந்தக் கம்பெனியின் ஹெச்.ஆர். அதிகாரி சேகர் எனக்கு ஃபோன் செய்தார். "மேடம், இந்த வருஷம் எங்க டெக்னிக்கல் ஹெட் கிளாவுஸ் சாரே முகாம எடுத்து நடத்தறேன்னு சொல்றாரு. பெரிய ஐடியா ஒண்ணு வச்சிருக்காரு. நீங்க ஒருவாட்டி வந்துட்டுப் போங்க" என்றார். அவர் குரலில் கொஞ்சம் அழுகை இருந்தது. அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

கிளாவுஸ் ஐம்பத்தேழு வயதுக்காரர். உயரமாக, ஒல்லியாக, வெளிறிப்போய் இருந்தார். கும்மிடிப்பூண்டிக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. 'சாப்டாச்சா', 'சூப்பர்', 'பேஜாரு' என்ற மூன்று சொற்களை வைத்துக்கொண்டே கேன்டீனில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். வேலை நேரத்தில் ரப்பர் வளையங்களை அளப்பார். மற்ற நேரமெல்லாம் அவருக்கு ஒரே பைத்தியம். அவருடைய நாட்டில் கதைகளிலும் கவிதைகளிலும் சினிமாவிலும் வரும் ரத்தம் குடிக்கும் பேய்கள். அவர் அறையில் ஒரு அலமாரி முழுக்கப் பாதுகாப்பு விதிமுறைப் புத்தகங்கள், இன்னொரு அலமாரி முழுக்கப் பேய்கள்.

திங்கட்கிழமை நான் போனதும் எனக்குக் காபி கொடுத்து உட்கார வைத்து, வெள்ளைப் பலகையில் படம் போட்டு முக்கால் மணி நேரம் விளக்கினார். எனக்குப் புரிந்தவரை ஜெர்மன் ரத்தக் காட்டேரியின் கதை இவ்வளவுதான். ஆதியில் அது கிராமத்துப் பிணம். எங்கும் போகாது. குழிக்குள் படுத்தபடியே, தன்னைச் சுற்றிய துணியைத் தானே மென்றுகொண்டிருக்கும். அது மெல்ல மெல்ல, வீட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வாடி விழுவார்கள். அதனால் புதைக்கும்போதே வாயில் கல்லை வைத்துவிடுவார்களாம். அப்புறம் கவிஞர்கள் கைக்குப் போனது. அவர்கள் அதைக் காதலிக்க வைத்தார்கள். செத்துப்போன பெண் கட்டிக்கொள்ளவேண்டியவனைத் தேடி வருவாள். அப்புறம் சினிமா வந்தது. பேசாத படக் காலத்தில், மொட்டைத் தலையும் கூரான காதும் நீள நகமுமாக ஒருத்தன் கப்பலில் எலிகளோடு வந்து இறங்குவான். அவனுக்கு முன்னால் அவன் நிழல் படியேறும். ஊரே நோயில் விழும். கடைசியில் காலை வெயில் பட்டதும் புகைந்து போவான்.

"வெயில் பட்டால் சாவது பழைய கதைகளில் கிடையாது. அது சினிமாக்காரர்கள் சேர்த்தது" என்று கிளாவுஸ் எனக்கு மிக முக்கியமான ரகசியம்போலச் சொன்னார். நானும் அதிர்ந்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன்.

பிறகு ஐடியாவைச் சொன்னார். ஜனங்கள் ரத்தம் கொடுக்கப் பயப்படுகிறார்கள். ஆகவே அவர் அந்த மொட்டைத் தலைப் பேயாக வேஷம் போட்டு வருவார். எல்லோரும் முதலில் அலறுவார்கள். பிறகு சிரிப்பார்கள். சிரித்தபடியே கட்டிலில் ஏறிப் படுப்பார்கள்.

கம்பெனி தங்கள் ரத்தத்தை உறிஞ்சுகிறது என்று நம்புகிற தொழிலாளர்கள் முன்னால், கம்பெனியின் பெரிய அதிகாரியே ரத்தம் உறிஞ்சும் பேயாக வந்து நிற்கப் போகிறார். இதைவிடக் கெட்ட யோசனையை என் சர்வீஸில் நான் கேட்டதில்லை. சேகர் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, 'நீங்களாவது வேண்டாம்னு சொல்லுங்க' என்று கண்ணாலேயே கெஞ்சினார். ஆனால் கிளாவுஸ் மனம் வைத்தால்தான் உற்பத்தியை நிறுத்தி ஆட்களுக்கு ஒன்றரை மணி நேரம் கொடுப்பார்கள். எனக்கு நாலு பை வேண்டும்.

"ரொம்ப நல்ல ஐடியா சார்" என்றேன்.

பிள்ளைகளே, என் தவறு இதுதான். வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு நேரம் உண்டு, அது வேஷம் போடுவதற்கு முந்திய நேரம். நமக்கு எதிராளியின் தயவு வேண்டியிருக்கும் சமயத்தில் வாய் தானாகப் பல்லைக் காட்டிவிடும். அப்படிக் காட்டிவிட்டால் பிறகு வருவதையெல்லாம் நாம்தான் சுமக்க வேண்டும். நான் சுமந்தேன்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணி. கேன்டீனில் மேஜைகளை ஓரம் கட்டிவிட்டு ஆறு கட்டில் போட்டிருந்தோம். இருநூறு பேருக்கு மேல் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் யூனியன் தலைவர் ஏழுமலை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிர்வாகக் கட்டடத்திலிருந்து கேன்டீனுக்கு வரத் திறந்தவெளியில் நூறடி நடக்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தின் நடுவில் ஜெர்மன் ரத்தக் காட்டேரி அந்த நூறடியை நடந்து வந்தது.

பற்களை நைலானில் டூல் ரூமில் கடைந்திருந்தார்கள், வரைபடம் போட்டு, அளவு சரிபார்த்து, தரக் கட்டுப்பாட்டுக் கையெழுத்தோடு. நகம் ரப்பர். மேலே குளிர்காலக் கறுப்பு கோட்டு. முகத்துக்கு வெள்ளைச் சாயம் போதாமல் கேன்டீன் மைதாவைக் குழைத்துப் பூசியிருந்தார். பாதி வழியிலேயே மைதா வழிய ஆரம்பித்துவிட்டது. வாசற்படி ஏறும்போது ஒட்டவைத்த இடது காது கழன்று தோளில் உட்கார்ந்தது. சினிமாக்காரர்கள் சேர்த்ததாக அவர் சொன்ன அந்த வெயில் மரணம் கும்மிடிப்பூண்டியில் நிஜமாகவே நடந்துவிடும்போல் இருந்தது.

உள்ளே வந்து இரண்டு கையையும் தூக்கி, "ஹாஆ!" என்றார்.

ஒருவரும் அலறவில்லை. சிரிக்கவும் இல்லை. பின்வரிசையில் யாரோ டீயை உறிஞ்சிய சத்தம் மட்டும் கேட்டது. மூன்றாவது வரிசையில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் எழுந்தார்கள். ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தக் கம்பெனி கேட்டிலேயே முட்டைக் கண்ணும் கோரைப்பல்லுமாக ஒரு திருஷ்டி பொம்மை தொங்குகிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் மிஷினுக்கு எலுமிச்சம்பழம் வைக்கிற ஆட்கள் இவர்கள். ஒவ்வொருவர் ஊர் எல்லையிலும் பல்லைத் துருத்திக்கொண்டு ஒரு சாமி உட்கார்ந்திருக்கிறது. கோரைப்பல்லைப் பார்த்தால் இவர்கள் ஏன் பயப்படப் போகிறார்கள்? குழந்தையிலிருந்து அதைக் கும்பிட்டுத்தான் வளர்ந்திருக்கிறார்கள்.

கிளாவுஸ் குழம்பிப்போனார். ஸ்லைடைப் போட்டு ஆங்கிலத்தில் விளக்க ஆரம்பித்தார். குழிக்குள் துணி மெல்லும் பிணம், காதலனைத் தேடி வரும் பெண், எலிக் கப்பல் எல்லாம் வந்தன. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சேகர் அதைத் தமிழாக்கினார். "சார் இன்னா சொல்றாருன்னா, அவங்க ஊர்ல ரத்தக் காட்டேரின்னு ஒண்ணு கீதாம். அது ரொம்ப மோசமாம்."

கேன்டீனை நடத்தும் முனியம்மா கரண்டியும் கையுமாகச் சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். "இன்னா சேகரு மோசம்ற? காட்டேரியம்மா எங்க அம்மா ஊட்டு கொலசாமி. வர்சா வர்சம் பொங்க வக்கிறோம்."

ஏழுமலை எழுந்தார். "சார், எனக்கொரு டவுட்டு. உங்க ஊர்க்காரரே ஒருத்தரு, முதலாளின்றவன் ரத்தம் குடிக்கிற பேயி மாரின்னு எழுதிக்கிறாராமே. எங்க சங்கத்து கிளாஸ்ல சொல்லிகிறாங்க. அத்தப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலியே?"

சேகர் இதை மொழிபெயர்க்க மாட்டேன் என்று தலையை ஆட்டினார். கிளாவுஸ் விடவில்லை. வேறு வழியில்லாமல் சேகர் சொன்னதும் கிளாவுஸ் முகம் மைதாவுக்கு அடியில் மலர்ந்துவிட்டது. "ஆமாம்! மிகச் சரியான உதாரணம்! நான் அதை எப்படி விட்டேன்!" என்று ஏழுமலையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ரப்பர் நகம் ஒன்று ஏழுமலையின் கையோடு வந்துவிட்டது. சேகர் ஒரு கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அங்கங்கே சிரிப்பு கிளம்பியது. முனியம்மா மட்டும் சிரிக்கவில்லை. கிளாவுஸின் முன்னால் வந்து நின்று அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"த பாரு சாரே. எங்க முனீஸ்வரனுக்கும் பல்லு கீது. அவரும் ரத்தம் கேப்பாரு, சேவ அறுப்போம். இல்லேங்கல. ஆனா எட்த்துக்கினு சும்மா போவ மாட்டாரு. ஊரக் காப்பாரு, ஏரியக் காப்பாரு, புள்ளைக்கி காச்சல் வந்தா துண்ணூறு குடுப்பாரு. உங்க ஆளு இவ்ளோ ரத்தம் குடிக்கிறாரே, அவரு இன்னாத்தக் காக்கிறாரு?"

சேகர் மொழிபெயர்த்தார். கிளாவுஸ் ஸ்லைடைத் திரும்பிப் பார்த்தார். ஒரு அலமாரி முழுக்கப் பேயை வைத்திருக்கும் மனிதர் அத்தனையிலும் தேடினார்.

"எதையும் இல்லை" என்றார் கடைசியில். "எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்."

"அப்ப அது சாமியும் இல்ல, பேயும் இல்ல. திருட்டுப் பய" என்றாள் முனியம்மா. தீர்ப்பு சொல்லிவிட்டு, கரண்டியை அப்படியே என் பக்கம் திருப்பினாள். "நீ சொல்லு மேடம். போன வர்சமும் வந்த. ஜூஸ் குடுத்த, பிஸ்கட்டு குடுத்த, சர்டிபிகேட்டு குடுத்த. எங்க ரத்தம் எங்க போவுதுன்னு ஒரு வார்த்த சொன்னியா? நீ இன்னாத்தக் காக்கிற?"

இருநூறு பேரும் என்னைப் பார்த்தார்கள். இருபத்துநாலு வருடத்தில் 'ஒரு துளி', 'ஓர் உயிர்' என்று எத்தனையோ மேடையில் பேசியிருக்கிறேன். அந்த நிமிடம் அதில் ஒன்றையும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் கரண்டியால் அடி வாங்கியிருப்பேன்.

நோயாளி யார் என்று நாம் சொல்லக் கூடாது, அது விதி. அதை மீறவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்ததை அப்படியே சொன்னேன். "ஒரு பொம்பள. பேரு, ஊரு நான் சொல்ல மாட்டேன். கர்ப்பப்பைல கட்டி. ரத்தம் இல்லாம ஆபரேஷன் ரெண்டு வாட்டி தள்ளிப் போயிடிச்சி. நாளன்னிக்கி மூணாவது டேட்டு. நாலு பை வேணும். எங்க பெட்டில இல்ல. அவ புருஷன் தெனம் ஃபோன் பண்றாரு. நான் தெனம் பொய் சொல்றேன்." கடைசி வாக்கியத்தை நான் திட்டமிடவில்லை.

ஏழுமலை கையை உயர்த்தினார். "சரி மேடம். நாங்க குடுக்கிறோம். ஆனா ஒரு கண்டிசன். எப்பவும் எட்த்துக்கிறவரு கீறாரே," என்று கிளாவுஸைக் காட்டினார், "அவரு மொதல்ல குடுக்கணும்."

கேன்டீனே கை தட்டியது. சேகர் மொழிபெயர்த்ததும் கிளாவுஸின் கை தானாகக் கோட்டுப் பைக்குள் போய் ஒளிந்துகொண்டது. என் காதருகே குனிந்து ரகசியமாகச் சொன்னார். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஊசி என்றால் பயம். ரத்தத்தை நிஜத்தில் பார்த்தால் தலை சுற்றும். அதனால்தான் புத்தகத்தோடும் சினிமாவோடும் நிறுத்திக்கொண்டாராம்.

ஆனால் மனிதர் ஓடவில்லை, அதைச் சொல்ல வேண்டும். மேரியிடம் போய் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு விரலை நீட்டினார். ரப்பர் நகத்தைக் கழற்றிவிட்டு மேரி விரலில் குத்தினாள். இருநூறு பேரும் எட்டிப் பார்த்தார்கள். மேரி அளவைப் பார்த்தாள். இன்னொரு விரலில் குத்தி மறுபடியும் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

ரத்தம் கொடுக்க ஹீமோகுளோபின் குறைந்தது பன்னிரண்டரை வேண்டும். அவருக்குப் பத்தரைதான் இருந்தது. ஜெர்மன் ரத்தக் காட்டேரிக்கு ரத்தசோகை.

சேகருக்கு விஷயம் புரிந்ததும் வேர்த்துக் கொட்டியது. என்னை ஒரு தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். "மேடம், வெளிய சொல்லாதீங்க. லைன் கலஞ்சிடும். சும்மா படுக்க வச்சி, ஊசி குத்தற மாரி குத்தி, பைய அடியில மறச்சி வச்சிடலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

பிள்ளைகளே, அந்தத் தூணுக்குப் பின்னால் நான் நின்றது ஒரு நிமிடம்கூட இருக்காது. எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது, பொய் சொல்ல மாட்டேன். நாலு பை அந்த வரிசையில் நின்றுகொண்டிருந்தது. கிளாவுஸ் கட்டிலில் படுத்து எழுந்தால் போதும். ஆனால் முந்தைய வருடம் இங்கே ஏழு பேர் வந்ததற்குக் காரணம் ஊசிப் பயம் இல்லை, எங்கள் மேல் சந்தேகம். சந்தேகப்படுகிறவர்கள் முன்னால் ஒரு நாடகம் போட்டு, அது தெரிந்துபோனால், அப்புறம் அந்தக் கேட்டுக்குள் எந்த ரத்த வங்கியும் கால் வைக்க முடியாது. தெரியாமலே போனாலும் முனியம்மாவின் கேள்விக்கு என்ன பதில் சொன்னவளாக ஆவேன்? "முடியாது சேகர்" என்றேன். இந்த வார்த்தையைத் திங்கட்கிழமை அந்த அறையில் சொல்லியிருக்க வேண்டும், வியாழக்கிழமையாவது வந்ததே.

நேராக கிளாவுஸிடம் போய்த் தணிந்த குரலில் சொன்னேன். உங்களிடம் எடுக்க மாட்டேன், எடுத்தால் உங்களுக்குக் கெடுதல், டாக்டரைப் பாருங்கள். காரணத்தை வெளியில் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம், நான் சொல்ல மாட்டேன்.

அவர் எழுந்து நின்று, வாயில் கையை விட்டு இரண்டு பல்லையும் கழற்றி மேஜைமேல் வைத்தார். சேகரிடம் வார்த்தை கேட்டுக் கேட்டு, தொழிலாளர்களைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னார்.

"மேடம் வேணாம் சொல்லிச்சி. எனக்கு ரத்தம் இல்லே." ஒரு கணம் யோசித்தார். தெரிந்த வார்த்தைகளில் பொருத்தமானது ஒன்றுதான் இருந்தது. "பேஜாரு."

கேன்டீன் கூரை அதிர்ந்துபோகும்படி சிரித்தார்கள். ஏழுமலை மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார், கண்ணில் நீர் வந்துவிட்டது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நிபந்தனை உடைந்துவிட்டது, எல்லோரும் டீ டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள், இன்று மாலை பாபுவுக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஏழுமலை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கிளாவுஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அவ்ளோ பெரிய ஆபீசரு, தானா வந்து கைய நீட்றாரு. அவராண்டயே வேணான்னுடுச்சே இந்தம்மா. அப்ப நம்பிக் குடுக்கலாம்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே முதல் கட்டிலை நோக்கி நடந்தார்.

ஆனால் அவருக்கு முன்னால் அங்கே முனியம்மா படுத்திருந்தாள். கரண்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, "அந்த சாருக்கு நாளைலேர்ந்து முருங்கக்கீரையும் கேவுரு அடையும்தான். வேற எதுனா கேட்டா குடுக்காதீங்கடி" என்று சமையல்காரப் பெண்களுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். மூன்று மாதம் அவள் அதைக் கண்டிப்பாக நிறைவேற்றியதாகப் பின்னால் சேகர் சொன்னார். ரத்தம் குடிக்கும் பேய்க்குக் கீரை கொடுத்துத் தேற்றிய கதை தன் அலமாரியில் எங்குமே இல்லை என்று கிளாவுஸ் வியந்தாராம்.

நாங்கள் கொண்டுபோன எண்பது பையும் மூன்று மணிக்குள் தீர்ந்துபோயின. மீஞ்சூரிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோகும் ஒரு கூட்டம், இரண்டாம் ஷிஃப்டுக்கு வந்தவர்கள், பை இல்லை என்றதும் எங்களோடு சண்டை போட்டார்கள். ரத்தம் எடுக்கவில்லை என்று என்னைத் திட்டியவர்கள் என் சர்வீஸில் அவர்கள் மட்டும்தான். அந்தத் திட்டு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வெள்ளிக்கிழமை பரிசோதனையெல்லாம் முடிந்து, நாலு பை பி பாசிட்டிவ்வை மேரியே கையெழுத்துப் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள்.

சனிக்கிழமை நான் எந்த வேலையும் செய்யவில்லை. ஃபோனை மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதியம் இரண்டரைக்கு பாபு கூப்பிட்டார். எடுத்ததும் 'மேடம், மேடம்' என்று அழுதார். எனக்கு உயிரே போய்விட்டது.

"கண்ணு முழிச்சிட்டா மேடம்" என்றார் கடைசியில். "நல்லா கீறா. பொண்ண கூப்புட்டு, துன்னியாடின்னு கேட்டா."

நான் அழுதேன். அலுவலகத்தில் எல்லோரும் பார்த்தார்கள், பரவாயில்லை. இந்த வேலையில் அழக் கூடாது என்று உங்களுக்கு யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

"மேடம், ஒரே ஒரு வெவரம்" என்றார் பாபு. "ரத்தம் குடுத்தவங்க யாருன்னு சொல்லுங்க. ஊட்டாண்ட போயி ஒரு கும்புடு போட்டுட்டு வந்துர்றேன்."

"பேரு சொல்லக் கூடாது பாபு. ரூல் அப்பிடி."

"ஊராச்சும் சொல்லுங்க."

யோசித்தேன். "கும்மிடிப்பூண்டி பக்கம்" என்றேன். அதற்கு மேல் சொல்ல முடியாது.

பாபு தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்தார். எந்தச் சாலை, எந்தத் திருப்பம் என்று வண்டிக்காரர் மனதுக்குள் வழி போட்டுப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"எங்க ஊர்லேர்ந்து அது கெழக்கால வருது மேடம்" என்றார். "அப்ப சரி. காலைல வண்டி எடுக்கசொல்ல சூரியனப் பாத்து ஒரு கும்புடு போடுவேன். இனிமே அது அவங்களுக்கும் சேத்து."